குழுவுக்கு ஒரே மெயில் போகவேண்டும், ஆனால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியக்கூடாது: என்ன வழி?

கேள்வி சுருக்கமாக இது. 96 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நீங்கள். அவுட்லுக் மெயில் செயலியில் எல்லார் மெயில் முகவரியையும் சேர்த்து 'வீட்டு உரிமையாளர்கள்' என்று ஒரு குழு போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயரை டு (பெறுநர்) கட்டத்தில் போட்டால் உங்கள் திரையில் பெயர் மட்டும்தான் தெரிகிறது. ஆனால் மெயில் வாங்கியவர் திறந்து பார்த்தால் 96 முகவரியும் வரிசையாக நிற்கின்றன. போன வாரம் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். 'ஆபீசில் டி.எல்.லுக்கு (டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட், அதாவது ஆபீஸ் மெயில் குழு) அனுப்பினால் குழுவின் பெயர் மட்டும்தானே தெரிகிறது, இங்கே மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேயும் குழுவின் பெயர் மட்டும் தெரியவேண்டும் என்பது உங்கள் ஆசை.

அவசரம் என்றால் இது போதும்: குழுவின் பெயரை டு கட்டத்திலிருந்து எடுத்து பிசிசி (மறைநகல்) கட்டத்தில் போடுங்கள். டு கட்டத்தில் உங்கள் சொந்த முகவரியையே போட்டு அனுப்புங்கள். யாருக்கும் யார் முகவரியும் தெரியாது.

ஆனால் நீங்கள் 'ஏன்' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது புரியாமல் போனால் அடுத்த மாதம் வேறோர் இடத்தில் இதே மாதிரி மாட்டிக்கொள்வீர்கள். பல வருடங்களாக மெயில் சர்வர்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. உங்கள் ஆபீஸ் டி.எல். வேறு, நீங்கள் அவுட்லுக்கில் போட்டு வைத்திருக்கும் குழு வேறு. அவுட்லுக் 2007 வரைக்கும் இந்த இரண்டாவதையும் 'டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட்' என்றேதான் மைக்ரோசாஃப்ட் அழைத்து வந்தது. 2010 பதிப்பில்தான் அதற்கு 'கான்டாக்ட் குரூப்' என்று பெயர் மாற்றினார்கள். புதிய அவுட்லுக்கில் அதுவே 'கான்டாக்ட் லிஸ்ட்' ஆகிவிட்டது. பெயர் எத்தனை முறை மாறினாலும் ஆள் ஒன்றுதான்: உங்கள் சொந்த முகவரிப் புத்தகத்தில் இருக்கும் ஒரு சுருக்கெழுத்து.

ஆபீஸ் டி.எல். சர்வரில், அதாவது மெயில்களை வாங்கிக் கொண்டுசேர்க்கும் மையக் கணினியில், இருக்கிறது. அதற்கென்று தனி மெயில் முகவரி உண்டு. நீங்கள் அந்த ஒரே முகவரிக்குத்தான் அனுப்புகிறீர்கள். மெயில் சர்வரைப் போய்ச் சேர்ந்த பிறகு, சர்வர் தன்னிடம் உள்ள பட்டியலைப் பிரித்து ஆளுக்கொரு பிரதி போட்டுவிடுகிறது. மெயிலின் தலையில் எழுதியிருப்பது கடைசி வரை அந்த ஒற்றை முகவரிதான். உங்கள் 'வீட்டு உரிமையாளர்கள்' குழுவுக்கோ முகவரியே கிடையாது. முகவரி இல்லாத ஒன்றுக்கு மெயில் போகாது. அதனால் சென்ட் பொத்தானை அழுத்தியதும் அவுட்லுக் அந்தப் பெயரைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் 96 முகவரியையும் எழுதித்தான் வெளியே விடுகிறது. குழுவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்குமே, அதை அழுத்தினால் 'விரித்தால் மறுபடி சுருக்க முடியாது' என்று எச்சரித்துவிட்டுப் பட்டியலை விரித்துக் காட்டும். நீங்கள் அழுத்தாவிட்டாலும் அனுப்பும் நேரத்தில் அதேதான் நடக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல்.

ஆக, எந்தக் குழுவாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பட்டியல் எங்கே பிரிகிறது? உங்கள் பக்கத்திலேயே பிரிந்தால் டு, சிசி இரண்டிலும் எல்லாம் அம்பலம். சர்வரில் பிரிந்தால் குழுவின் முகவரி மட்டும் தெரியும். ஜிமெயிலில் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் 'லேபிள்' போட்டு வைத்துக்கொள்கிறோமே, அதுவும் நம் பக்கத்தில் பிரிவதுதான். லேபிளின் பெயரை அடித்த மறுகணமே முகவரிகள் வரிசையாக வந்து விழும். அந்த வகையில் ஜிமெயில் நேர்மையானது, அனுப்புவதற்கு முன்பே காட்டிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் குரூப்புக்கும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பிராட்காஸ்ட்டில் ஆளுக்குத் தனியாக வந்த மாதிரி தெரியும்.

சரி, பிசிசியில் போட்டால் மட்டும் எப்படி மறைகிறது? பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார்களே, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் தாளில் எழுதுவது. தபால்காரர் அதைப் படிப்பதே இல்லை. அவர் பார்ப்பது கவரின் மேல் உள்ள முகவரியை. தாளில் ஒரு பெயரும் கவரில் இன்னொரு பெயரும் இருந்தாலும் கவரில் உள்ளவர் வீட்டுக்குத்தான் கடிதம் போகும்.

மெயிலிலும் இப்படித் தாள் ஒன்று, கவர் ஒன்று. 1982 ஆகஸ்டில் வந்த இரண்டு தரநிலைகள் இதைத் தனித்தனியாகவே வகுத்தன. கவர் விஷயம் ஆர்.எஃப்.சி. (இணையத் தரநிலை ஆவணம்) 821, தாள் விஷயம் ஆர்.எஃப்.சி. 822. இப்போது நடப்பில் இருப்பவை 2008-இல் வந்த 5321, 5322. உங்கள் அவுட்லுக்கோ ஜிமெயிலோ அனுப்பிய மெயிலைச் சர்வர்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றும் பேச்சை ஒட்டுக்கேட்டால் இப்படி இருக்கும். முதலில் 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புபவரின் முகவரி. எதிர்முனை 250 என்று ஓர் எண்ணைச் சொல்லும், 'சரி, மேலே சொல்' என்று அர்த்தம். அப்புறம் 'ஆர்.சி.பி.டி. டு' என்று பெறுபவரின் முகவரி ஒன்று. மறுபடி 250. இன்னொரு 'ஆர்.சி.பி.டி. டு', இன்னொரு 250. ஆளுக்கு ஒரு வரி. இது முழுக்கக் கவர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் 'டேட்டா' என்று சொல்லிவிட்டுத் தாளை உள்ளே தள்ளுவார்கள். நாம் திரையில் பார்க்கும் டு, சிசி, சப்ஜெக்ட் எல்லாம் அந்தத் தாளில் எழுதியவை. டெலிவரிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

பிசிசி என்றால் இவ்வளவுதான்: முகவரியைக் கவரில் எழுது, தாளில் எழுதாதே. தாளில் இல்லாததை வாங்கியவர் எவ்வளவு துருவினாலும் பார்க்க முடியாது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' போட்டு முழு ஹெடரையும் (மெயிலின் தலைப்பகுதி) விரித்தாலும் தன்னுடைய முகவரியைத்தான் பார்ப்பார். உங்களுடைய சென்ட் ஃபோல்டரில் மட்டும் பிசிசி பட்டியல் அப்படியே இருக்கும். சங்கத்துக்கென்று ஒரே மெயில் கணக்கு வைத்து நாலு பேர் பாஸ்வேர்டைப் பங்குபோட்டுக்கொண்டால் அந்த நாலு பேருக்கும் அது தெரியும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்க்காரணம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்னக் கிளைக்கதை. சிசி என்பது கார்பன் காப்பி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் பேப்பரைச் செருகி அடிப்பது. அரசாங்கக் கடிதங்களின் அடியில் இன்றைக்கும் 'நகல்:' என்று போட்டு இன்னின்னாருக்கு என்று வரிசையாக எழுதுவார்களே, அதுதான் சிசி. பிசிசியின் 'பி' பிளைண்ட். ஒருவருக்கு நகல் போவது அசல் வாங்குபவருக்குத் தெரியக்கூடாது என்றால், அசல் தாளை உருவி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் நகல் தாள்களில் மட்டும் அந்தப் பெயரை அடிப்பார்கள். தாளில் எழுதாமல் விடுவதுதான் மறைப்பது. டைப்ரைட்டர் காலத்திலிருந்து அது மாறவில்லை.

இப்போது உங்கள் ஆசைக்கு வருவோம். முகவரிகள் மறைந்தால் மட்டும் போதாது, 'வீட்டு உரிமையாளர்கள்' என்ற பெயரும் தெரியவேண்டும் என்கிறீர்கள். நியாயமான ஆசைதான். டு கட்டத்தைக் காலியாக விட்டு பிசிசி மட்டும் போட்டு அனுப்பினால் பல சமயம் வாங்குபவருக்கு 'அன்டிஸ்குளோஸ்டு ரெசிபியன்ட்ஸ்' என்று தெரியும். போலி லாட்டரி மெயிலிலும் அதையே பார்த்துப் பழகியதால் பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள். அந்தச் சொல்லின் முடிவில் ஒரு முக்காற்புள்ளியும் ஓர் அரைப்புள்ளியும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எழுத்துப் பிழை போலத் தெரியும், ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. 1982 தரநிலையிலேயே குழுவை எழுதுவதற்கு ஒரு முறை உண்டு: குழுவின் பெயர், முக்காற்புள்ளி, உறுப்பினர்களின் முகவரிகள், கடைசியில் அரைப்புள்ளி. நடுவில் ஒருவரையும் எழுதாமல் விட்டால் அது உறுப்பினர்களைக் காட்டாத குழு. அதாவது நீங்கள் கேட்ட வசதி மின்னஞ்சலின் இலக்கணத்திலேயே இருக்கிறது. அதை நமக்குப் பொத்தானாகப் போட்டுத்தர மென்பொருள்காரர்கள்தான் மெனக்கெடவில்லை.

ஆப்பிள் இதில் ஒரு விதிவிலக்கு. மேக்கில் உள்ள மெயில் செயலியின் செட்டிங்ஸில் 'கம்போசிங்' பகுதிக்குப் போனால், குழுவுக்கு அனுப்பும்போது எல்லா உறுப்பினர்களின் முகவரியையும் காட்டு என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் வாங்குபவருக்குக் குழுவின் பெயர் மட்டும் தெரியும். அவுட்லுக்கில் இதற்குச் சமமான டிக் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அவுட்லுக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். முகவரிப் புத்தகத்தில் புதிதாக ஒரு கான்டாக்ட் போடுங்கள். பெயர் என்ற இடத்தில் 'குடியிருப்பு வீட்டு உரிமையாளர்கள்' என்று போட்டு, மெயில் முகவரி என்ற இடத்தில் உங்கள் சொந்த முகவரியைப் போடுங்கள். இனிமேல் டு கட்டத்தில் அந்த கான்டாக்ட், பிசிசியில் அந்தப் பழைய குழு. வாங்குபவர் பார்க்கும்போது 'டு: குடியிருப்பு வீட்டு உரிமையாளர்கள்' என்று அழகாகத் தெரியும். தாளில் என்ன பெயர் எழுதினாலும் டெலிவரி கவரை வைத்துத்தான் என்று மேலே சொன்னேனே, அதைத்தான் இங்கே நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம். இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, முகவரி உங்களுடையதுதானே.

பிசிசி கட்டம் எங்கே என்று தேடுபவர்களுக்கு: பழைய அவுட்லுக்கில் புது மெயில் திறந்து 'ஆப்ஷன்ஸ்' தாவலில் 'பிசிசி' பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும், அடுத்தடுத்த மெயில்களிலும் அந்தக் கட்டம் தானே வந்து நிற்கும். ஜிமெயிலில் டு வரியின் வலது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

பிசிசிக்கும் சில கோளாறுகள் உண்டு. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரே மெயிலில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. 96 வீட்டுக்கு இது பிரச்சினை இல்லை, ஆனால் பழைய மாணவர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு என்று போனால் சீக்கிரம் முட்டிக்கொள்ளும். டு-வில் தன் பெயர் இல்லாத மெயிலை ஸ்பாம் வடிகட்டிகள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 'சங்க மெயில் எல்லாம் இந்த ஃபோல்டருக்குப் போ' என்று யாராவது டு வரியை வைத்து ரூல் போட்டிருந்தால் அது வேலை செய்யாது. மெயிலிங் லிஸ்ட் முகவரியையே பிசிசியில் போட்டால் சில மென்பொருள்கள் அதைக் கதவருகிலேயே நிறுத்தி வைத்துவிடும். மெயில்மேன் என்ற பழைய, நல்ல மெயிலிங் லிஸ்ட் மென்பொருளில் லிஸ்ட்டின் பெயர் டு-விலோ சிசியிலோ வெளிப்படையாக இருந்தாக வேண்டும் என்று ஒரு அமைப்பு உண்டு. இல்லையென்றால் நிர்வாகி பார்த்து அனுமதிக்கும் வரை மெயில் காத்துக்கிடக்கும்.

அப்புறம், தனக்கு ஏன் இந்த மெயில் வந்தது என்று வாங்கியவருக்கே புரியாது. 'எனக்கு மட்டும்தான் வந்ததோ' என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஃபார்வர்டு பண்ணுவார், அவர் எதிர் வீட்டுக்கு. அதனால் மெயிலின் முதல் வரியிலேயே 'இந்த மெயில் 96 வீட்டு உரிமையாளர்களுக்கும் பிசிசியில் அனுப்பப்படுகிறது' என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி நிறைய போன் அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

ரிப்ளை ஆல் பற்றி எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கிறது. பிசிசியில் இருக்கும் ஒருவர் ரிப்ளை ஆல் அடித்தால் மற்ற பிசிசிக்காரர்களுக்குப் போகாது, போகவும் முடியாது, அவர்கள் முகவரிதான் அவரிடம் இல்லையே. அனுப்பியவருக்கும் டு, சிசியில் இருப்பவர்களுக்கும் போகும். டு-வில் நீங்கள் மட்டும் இருந்தால் உங்களுக்கு மட்டும். வேறு ஆட்கள் டு-வில் இருந்தால்தான் சங்கடம், ரகசியமாக நகல் வாங்கியவர் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுவார். ஆபீஸ்களில் உள்ள எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர் இந்த இடத்தில் 'உங்கள் முகவரி மறைத்து அனுப்பப்பட்டது, ரிப்ளை ஆல் போட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்' என்று மேலே ஒரு மஞ்சள் பட்டையில் எச்சரிக்கும். அதை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சர்வர் டி.எல். என்றால் பெயர் மட்டும் தெரியும், அதனால் அது பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை ஆபீஸ்களில் இருக்கிறது. பாதிதான் உண்மை. நிறுவனத்துக்குள் இருப்பவர் அந்தப் பெயரின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் உறுப்பினர் பட்டியல் விரிந்துவிடும். உறுப்பினர்களை மறைக்கும் அமைப்பை நிர்வாகி தனியாகப் போடவேண்டும். டைனமிக் டி.எல். என்று ஒரு வகை இருக்கிறது, 'சென்னைக் கிளையில் இருப்பவர்கள் எல்லாம்' என்பது போல நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டு, மெயில் வரும் நேரத்தில்தான் ஆட்களைக் கணக்கெடுக்கும். அதை அவுட்லுக்கில் விரித்துப் பார்க்க முடியாது.

பட்டியல் தெரிவதை விடப் பெரிய தொல்லை, அந்த ஒற்றை முகவரிக்கு யார் வேண்டுமானாலும் பதில் அடிக்கலாம் என்பது. மைக்ரோசாஃப்டின் சொந்த ஆபீசிலேயே 1997 அக்டோபர் 14 அன்று நடந்த கதை மெயில் உலகத்தில் பிரசித்தம். 'பெட்லம் டி.எல்.3' என்று ஒரு சோதனைக் குழு, அதில் சுமார் 13,000 பேர். தான் ஏன் இந்தக் குழுவில் இருக்கிறேன் என்று தெரியாத ஒருவர், 'என்னை எடுத்துவிடுங்கள்' என்று அந்தக் குழுவுக்கே எழுதினார். உடனே 'என்னையும்', 'என்னையும்' என்று ஆளாளுக்கு ரிப்ளை ஆல். அப்புறம் 'ரிப்ளை ஆல் போடாதீர்கள்' என்று ரிப்ளை ஆல். ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடி மெயில்கள். உலகத்துக்கே மெயில் சர்வர் விற்ற கம்பெனியின் மெயில் சர்வர் படுத்துவிட்டது. பிறகு 'பெட்லமில் பிழைத்தவன்' என்று டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டார்களாம். 2016 நவம்பரில் பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையான என்.எச்.எஸ்.ஸிலும் இதே கூத்து, அங்கே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு ஒரு சோதனை மெயில் போய்விட்டது. பெரிய டி.எல். வைத்திருப்பவர்கள் யார் அதற்கு அனுப்பலாம் என்று கட்டுப்படுத்துவது முதல் வேலை. அது முடியாத இடத்தில் டி.எல்.லையே பிசிசியில் போட்டுவிடுங்கள், யாரும் ரிப்ளை ஆல் போட வழி இருக்காது.

முகவரி தெரிந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று உங்கள் சங்கத்தில் யாராவது கேட்கலாம். பல சமயம் முழுகாது. ஆனால் ஒரு பட்டியலில் இருப்பதே ஒரு செய்தி. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், இன்டர்வியூவில் தேர்வாகாதவர்களுக்கு 'வருந்துகிறோம்' மெயிலை முப்பது பேருக்கும் சேர்த்து டு-வில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு மேலாளரும், அவர் கீழ் வேலை பார்ப்பவரும் இருந்தார்கள். இரண்டு பேரும் வேலை தேடுவது இரண்டு பேருக்கும் அந்த ஒரு மெயிலில் தெரிந்துபோனது. மறுநாள் அவர்கள் எந்த முகத்தோடு மீட்டிங்கில் உட்கார்ந்தார்களோ!

அது சிரித்துவிட்டுப் போகிற ரகம். சிரிக்க முடியாதவையும் உண்டு. 2015 செப்டம்பரில் லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் மருத்துவமனை, எச்.ஐ.வி. சேவை பெறுபவர்களுக்கான செய்திமடலை 781 பேருக்கு பிசிசிக்குப் பதிலாக டு-வில் போட்டு அனுப்பியது. அவற்றில் 730 முகவரிகளில் ஆளின் முழுப்பெயரே இருந்தது. 1,80,000 பவுண்டு அபராதம். 2021 செப்டம்பரில் பிரிட்டன் ராணுவ அமைச்சகம், தாலிபானிடமிருந்து தப்பிக்க விண்ணப்பித்திருந்த 245 ஆப்கானியர்களுக்கு அனுப்பிய மெயிலிலும் இதேதான். அவர்களில் 55 பேருடைய புகைப்படம் கூட அதில் தெரிந்தது. இரண்டு பேர் ரிப்ளை ஆல் போட்டார்கள், அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே எழுதிவிட்டார். 3,50,000 பவுண்டு அபராதம் 2023 டிசம்பரில் விதிக்கப்பட்டது. எனக்கு இவற்றில் அதிகம் உறைத்தது மூன்றாவது ஒன்று. சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த பிரிட்டன் விசாரணைக் குழு, 2017 பிப்ரவரியில் 90 பேருக்குச் சரியாக பிசிசியில்தான் ஒரு மெயில் அனுப்பியது. அதில் ஏதோ பிழை. திருத்தி மறுபடி அனுப்பும்போதுதான், அவசரத்தில், முகவரிகள் டு-வில் விழுந்துவிட்டன.

முதல் மெயில் சரி, திருத்த மெயில் தப்பு. பிசிசியின் உண்மையான பலவீனம் இதுதான். தொழில்நுட்பத்தில் ஓட்டை இல்லை. ஒவ்வொரு தடவையும், ஒரு மனிதர், சரியான கட்டத்தில் ஒட்டவேண்டும். நூறு தடவை சரியாகச் செய்தவர் நூற்றொன்றாவது தடவை போன் பேசிக்கொண்டே ஒட்டுவார். பிரிட்டனின் தகவல் ஆணையரகமும் நுணுக்கமான விஷயங்களுக்கு பிசிசியை மட்டும் நம்பாதீர்கள் என்றே சொல்கிறது. நம் ஊரிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தரவைக் காப்பதில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் என்று அதில் இருக்கிறது. குடியிருப்புச் சங்கத்தின் வாசலில் நாளைக்கே யாரும் வந்து நிற்கப் போவதில்லை, ஆனால் 'மெயில் ஐடி தானே' என்று சொல்லிவிட்டுப் போகும் காலம் முடிந்துவிட்டது.

உங்கள் விஷயத்துக்கு என்ன செய்யலாம்? எப்போதாவது ஓர் அறிவிப்பு என்றால் மேலே சொன்ன பெயர் வித்தையும் பிசிசியும் தாராளமாகப் போதும். மாதாமாதம் பராமரிப்புப் பாக்கி பற்றி எழுதுகிறீர்கள் என்றால் நான் மெயில் மெர்ஜைத்தான் சொல்வேன். எக்செலில் பெயர், வீட்டு எண், மெயில் முகவரி, பாக்கித் தொகை என்று நாலு பத்தி. வேர்டில் 'மெயிலிங்ஸ்' தாவலில் மெயில் மெர்ஜ் ஆரம்பித்து அந்த எக்செலை இணைத்துவிட்டால், பழைய அவுட்லுக் வழியாக 96 தனித்தனி மெயில் போகும். டு-வில் அவரவர் முகவரி மட்டும், உள்ளே அவரவர் தொகை. மறைக்க ஒன்றுமே இல்லாததால் மறந்துபோகவும் ஒன்றுமில்லை. ஸ்பாம் தொல்லையும் குறையும். இந்த வழியில் அட்டாச்மென்ட் சேர்க்க முடியாது என்பது ஒரு குறை. பில்லை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுத்துக்கொள்ளலாம், அந்தந்த வீட்டுக்காரர் மட்டும் திறக்கும்படி.

செயலாளர் வருடாவருடம் மாறுவார் என்றால் கூகுள் குரூப்ஸ் நல்லது, பட்டியல் உங்கள் கணினியை விட்டு வெளியேறி ஒரு பொது இடத்தில் இருக்கும், சர்வரில் பிரியும். ஆனால் உருவாக்கியதும் அமைப்புகளுக்குப் போய் இரண்டு இடத்தைக் கட்டாயம் பாருங்கள். உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதை நிர்வாகிகள் மட்டும் என்று வையுங்கள். யார் எழுதலாம் என்பதையும் நிர்வாகிகள் மட்டும் என்று வையுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவது வீண். யாராவது குழுவுக்குப் பதில் எழுதினால் அவர் முகவரி எல்லாருக்கும் தெரிந்துவிடும், மோட்டார் ரிப்பேர் பற்றிய விவாதமும் கூடவே வரும்.

பொதுக்குழுக் கூட்டத்துக்கு மெயிலில் காலண்டர் அழைப்பு அனுப்பும் பழக்கம் இருந்தால் அங்கேயும் இதே பொறி இருக்கிறது. கூகுள் காலண்டரில் விருந்தினர் பட்டியலைப் பார்க்கும் அனுமதியின் டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய அவுட்லுக்கில் 'ரெஸ்பான்ஸ் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் பட்டியலை மறைக்கும் வசதி இருக்கிறது.

கை தவறுவதற்கு ஒரு சின்னத் தடுப்பு: ஜிமெயில் செட்டிங்ஸில் 'அன்டு சென்ட்' நேரத்தை 30 வினாடிக்கு ஏற்றி வையுங்கள். அவுட்லுக்கில் எல்லா மெயிலும் இரண்டு நிமிடம் தாமதித்துப் போகும்படி ஒரு ரூல் போடலாம். அனுப்பியதைத் திரும்பப் பெறும் 'ரீகால்' பொத்தானை நம்பாதீர்கள், அது ஒரே நிறுவனத்தின் சர்வருக்குள்தான் வேலை செய்யும். ஜிமெயிலுக்குப் போனது போனதுதான்.

போன வாரம் போன மெயிலைப் பற்றி: சண்டைக்கு வந்தவரிடம் நேரில் பேசிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு மெயில் அனுப்பி, பழையதை அழித்துவிடச் சொல்லுங்கள். பழைய மெயிலைத் திறந்து அதிலிருந்தே ரிப்ளை ஆல் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள், அப்படிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புது மெயில் திறந்து, டு-வில் அந்தப் புதிய கான்டாக்ட், பிசிசியில் முதலில் உங்கள் வீட்டு மெயில் ஐடியும் பக்கத்து வீட்டுக்காரருடையதும் மட்டும் போட்டு அனுப்பிப் பாருங்கள். அவர் போனில் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தச் சொல்லுங்கள். அங்கே அந்த கான்டாக்டின் பெயரும் உங்கள் அனுப்பும் முகவரியும் அவருடைய முகவரியும் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்றால், அதே மெயிலை 96 பேருக்கும் அனுப்பலாம்.